இடது, பச்சை, ஏழாம் எண் டிராம்

ரீகா நகரத்து டிராம் பணிமனைக்கு அடியில்
தொலைந்த பொருட்களுக்கு ஒரு நிலவறை.
கையுறைகள் மட்டும் மூவாயிரத்து நூற்று நாற்பது.
குடைகளை நான் எண்ணவில்லை.
ஒரு செல்லோ இருக்கிறது,
அதைத் தேடி இதுவரை ஒருவரும் வரவில்லை.

என் வேலை சின்னது.
தேடுகிறவர் நாலாம் பக்கத்தில் சலித்துப்போகுமுன்
சலித்தெடுக்க வழி செய்வது.
ஒரே சொல்தான், மாவுக்கும் மனதுக்கும்.

திரையில் கட்டங்கள் வரைந்தேன்:
எந்தக் கை, என்ன நிறம், எந்தத் தடம், எந்த மாதம்.
கட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்,
ஆளில்லாத வீட்டுக் கதவை
யாரும் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதென்று.
கம்பளி என்று தொட்டால் பாதி உதிரும்.
குழந்தை அளவு என்று தொட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு.
அந்த எண்ணை முதலில் பார்த்த அன்று
மதிய ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டேன்.

நவம்பர் கடைசியில் பதிவேட்டில் ஒருவர்.
பெயரை நாங்கள் கேட்பதில்லை.
இரவு பதினொன்று பத்துக்கு
கையுறை, இடது, பச்சை, ஏழாம் எண் டிராம், நவம்பர்.
எதுவுமில்லை.

மறுநாளும் அதே ஐந்து.
பச்சைக்குப் பக்கத்தில் பூஜ்யம் என்று போட்டிருந்தும்
பச்சையைத் தொட்டார்.
மூன்றாம் இரவு நவம்பரை விட்டார்.
கொஞ்சம் பொறுத்து ஏழாம் எண்ணை.
பன்னிரண்டரைக்குப் பச்சையையும் விட்டார்.
ஆயிரத்து அறுநூற்று இரண்டு இடது கைகள்
அவர் முன்னால் நீண்டன.
நாற்பத்தொன்றாம் பக்கம் வரை போயிருக்கிறார்.
அதற்குமேல் பதிவேட்டில் வெள்ளை.

காலையில் நிலவறைக்கு இறங்கினேன்.
பதினாறு வருடமாய் அங்கே சீட்டு ஒட்டுகிறவர்
தாலிவால்திஸ்.
"பச்சையா? இந்தக் குளிருக்கு வந்ததெல்லாம் சாம்பல்தான்."
நிமிர்ந்து டியூப்லைட்டைப் பார்த்தேன்.
குனிந்து என் ஸ்வெட்டரைப் பார்த்தேன்,
வீட்டிலிருந்து கிளம்பும்போது அது ஊதா.

சாம்பல் பெட்டிகளைப் படியேற்றி
பனி வெளிச்சம் விழும் வாசலில் கொட்டினோம்.
நீலம் முப்பத்தெட்டு.
கத்தரிப்பூ நிறம் ஆறு.
பச்சை பதினான்கு; அதில் ஒன்று
பாசி பிடித்த கல்லின் பச்சை,
மணிக்கட்டைச் சுற்றி வெள்ளை நட்சத்திரங்கள்,
கட்டைவிரல் நுனியில் வேறு நூலில் ஒரு தையல்.
இடது.

தாலிவால்திஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று மாலையே
எதுவுமில்லை என்ற பக்கத்தை அழித்தேன்.
அந்த இடத்தில் இப்போது:
நிறத்தை விட்டால் ஒன்பது கிடைக்கும்.
மாதத்தை விட்டால் இரண்டு.
எதை விடுவது என்று
அவரவர்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தார்.
கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை,
கையெழுத்தில் பெயர் தெரிந்தது: வில்னிஸ் ப்ரியேதிஸ்.
கையுறையை நீட்டினேன்.
அந்தக் கையில் பாதிகூட அதற்குள் நுழையாது.
அவர் வாங்கவும் இல்லை.
மேலங்கிப் பைக்குள் துழாவி
மேசைமேல் ஒன்றை வைத்தார்.
அதே பாசி, அதே நட்சத்திரங்கள்.
வலது.

"என்னுடையது இல்லை.
சீட்டுக்கு அடியில் கிடந்தது.
மற்றது இங்கே இருந்தால்
சேர்த்து வைத்துவிடலாமே என்று."

தேடுகிறவர் எல்லாரும் தொலைத்தவர் என்றே
நான் கட்டம் போட்டிருந்தேன்.

அவர் படியேறிப் போன பிறகு பதிவைத் திறந்து
எந்தக் கை என்ற இடத்தில்
இரண்டும் என்று மாற்றினேன்.
இடதுக்குப் பக்கத்து எண்
ஆயிரத்து அறுநூற்று ஒன்றானது.

சொந்தக்காரர் இன்னும் தேடவில்லை.
பச்சை என்று தேடினால் வரும்.
சாம்பல் என்று தேடினாலும் வரட்டும் என்று
அதையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன்.
இங்கே டிசம்பரில்
நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது.